பொம்மைக்கு பிரசவம் பாத்த மூணு நாள்: சிமுலேஷன் ட்ரெயினிங் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். அந்த ஒண்ண எதுக்கு கொறச்சேன்னு போகப்போக தெரியும்.

எங்க பேட்ச்ல 24 பேர். மிட்வைஃபரி போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரில பிரசவம் பாத்து பழகுற போஸ்டிங், ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி மூணு நாள் சிமுலேஷன் ட்ரெயினிங்னு ஒரு ஸ்கில்ஸ் சென்டருக்கு அனுப்புனாங்க. சென்டர் பேர் போடல, ஏன்னா திட்டவும் போறேன், அதோட இதே மாதிரி ட்ரெயினிங் இப்ப பல எடத்துல நடக்குது, எங்க போனாலும் எத பாக்கணும்னு சொன்னாதான் படிக்குறவங்களுக்கு உபயோகம். உண்மைய சொன்னா, பொம்மைய வெச்சு மூணு நாள் வெளையாடிட்டு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடலாம்னு நெனச்சுதான் போனேன். ஆனா போன வருஷம் லேபர் ரூம் அப்சர்வேஷன்னு ஒரு வாரம் போட்டாங்களே, அப்ப என்ன கத்துக்கிட்டோம்னு யோசிச்சா ஒண்ணும் இல்ல, சுவரோட சுவரா நின்னதுதான் மிச்சம். எல்லாம் நல்லா போற வரைக்கும் பாக்கலாம், அவசரம்னு ஒண்ணு வந்துச்சுன்னா மொதல்ல வெளிய அனுப்புறது ஸ்டூடண்ட்டதான். அது தப்புன்னும் சொல்ல முடியாது, அங்க ஒரு உயிர் இல்ல ரெண்டு உயிர். ஆனா நாம எத கத்துக்கணுமோ அது நடக்குற நேரத்துல நாம கதவுக்கு வெளிய நிக்குறோம், அந்த ஓட்டைய அடைக்கத்தான் இந்த பொம்மை.

இது ஏதோ புது டெக்னாலஜின்னு நெனச்சுட்டு இருந்தேன், இல்லையாம். 18ம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல ஆஞ்சலிக் து கூத்ரேன்னு ஒரு மருத்துவச்சி துணி, தோல், பஞ்சு எல்லாம் வெச்சு இடுப்பும் குழந்தையுமா ஒரு பொம்மை தெச்சு, 1759ல ராஜாகிட்ட உத்தரவு வாங்கி, ஊர் ஊரா போயி கிராமத்து பொம்பளைங்களுக்கு பிரசவம் பாக்க சொல்லிக்குடுத்திருக்காங்க. அதுல ஒண்ணு இன்னும் அங்க ரூவான்ங்குற ஊர்ல ஒரு மியூசியத்துல இருக்கு. போட்டோ பாத்தேன், எங்க சென்டர்ல இருந்த ஒரு பழைய இடுப்பு மாடலவிட அது நல்லா இருந்துச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். முதல் நாள் காலைல பெரிய பொம்மை. ஆள் சைஸ், கண்ணு சிமிட்டும், மூச்சு விடும், கைய புடிச்சா நாடி துடிக்கும், உள்ள மோட்டார் வெச்சு குழந்தைய தானே தள்ளும், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பிபிய ஏத்தி எறக்கிட்டு இருப்பாரு. பாத்ததும் எல்லாரும் வாய பொளந்துட்டோம், போட்டோ எடுக்கக்கூடாதுன்னு சொல்லியும் நாலு பேர் எடுத்தாச்சு. எங்களுக்கு வந்த கேஸ் எக்லாம்ப்சியா, கர்ப்பத்துல பிபி ஏறி ஃபிட்ஸ் வர்ற நெலம. பிபி 170/110, தலைய வலிக்குது கண்ணு மங்கலா தெரியுதுன்னு ஸ்பீக்கர்ல அந்தம்மா சொல்லுது, ரிஃப்ளெக்ஸ் பாக்கலாமா பிபிய திரும்ப பாக்கலாமான்னு நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருக்கும்போதே ஃபிட்ஸ் வந்துடுச்சு, ஒடம்பு பூரா ஒதறுது. பதறிப்போய் இடது பக்கமா திருப்பலாம்னு கைய வெச்சோம், பொம்மை அப்படியே நின்னு போச்சு. வைஃபை கட்டாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு குரல் மட்டும் வருது, "ஃபிட்ஸ் இன்னும் நிக்கலன்னு நெனச்சுக்கோங்க".

அன்னைக்கு பூரா அதுதான் எங்க பேட்ச் டயலாக். குழந்தை நீலமா இருக்குன்னு நெனச்சுக்கோங்க, டாக்டர் வந்துட்டாருன்னு நெனச்சுக்கோங்க, சாப்பாடு நல்லா இருக்குன்னு நெனச்சுக்கோங்க.

ஆனா அந்த ஸ்டேஷன்ல ஒண்ண மட்டும் கொற சொல்ல மாட்டேன். ஃபிட்ஸுக்கு போடுற மேக்னீசியம் சல்ஃபேட்ட வாயால சொல்ல விடல, ஆம்பூல ஒடச்சு லோட் பண்ண வெச்சாங்க. 4 கிராம் லோடிங் டோஸ்னு பரிட்சைல எல்லாரும் கண்ண மூடிட்டு எழுதுவோம், 50 சதவீத ஆம்பூல்ல இருந்து 8 மில்லி எடுத்து அதோட 12 மில்லி ஸ்டெரைல் வாட்டர் கலந்து 20 மில்லியாக்கி, கொறஞ்சது 5 நிமிஷமாச்சும் எடுத்து மெதுவா ஐவில போடணும்னு கையால செய்யும்போது எங்க குரூப் ஆறு பேர்ல நாலு பேர் கலக்காம அப்படியே போட போனோம். அடுத்த டோஸுக்கு முன்னாடி மூச்சு நிமிஷத்துக்கு 16க்கு கொறையாம இருக்கா, யூரின் மணிக்கு 30 மில்லிக்கு கொறையாம வருதா, முட்டி ரிஃப்ளெக்ஸ் இருக்கான்னு பாக்கணும், அந்த மருந்து அதிகமாயிட்டா குடுக்குற மாத்து மருந்து கால்சியம் குளுக்கோனேட்ட எடுத்து கைக்கு எட்டுற தூரத்துல வெக்கணும், இதெல்லாம் இனிமே மறக்காது. ஏன்னா கால்சியம் குளுக்கோனேட் எங்கன்னு கேட்டப்போ நான் அலமாரிய காமிச்சேன், அலமாரி பூட்டியிருந்துச்சு, வேணும்னேதான் பூட்டி வெச்சிருந்தாங்க.

மதியம் போன ஸ்டேஷன்தான் இந்த ரிவ்யூவே எழுத வெச்சது. அங்க பொம்மைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, வயிறு மட்டும்தான். மாமாநேட்டலின்னு பேரு, லேர்டல்னு நார்வே குரூப்போடது, சிபிஆர் கத்துக்க எல்லாரும் நெஞ்ச அமுக்கியிருப்போமே ரெசசி ஆன் பொம்மை, அத 1960ல கொண்டு வந்தவங்கதான். சொல்லிக்குடுக்குற மேடம் இந்த வயித்த பெல்ட் மாதிரி முன்னாடி கட்டிக்குவாங்க, உள்ள குழந்தை, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி எல்லாம் இருக்கும், அவங்களே கையால குழந்தைய தள்ளுவாங்க, ரத்தத்துக்கு ஒரு பை, அத தெறந்தா கொட்டும், கர்ப்பப்பைய கெட்டியாக்குறதும் தொளதொளன்னு விடுறதும் அவங்க கைலதான். கரண்டும் வேணாம் வைஃபையும் வேணாம்.

மேடம் கட்டிட்டு கட்டில்ல சாஞ்சு உக்காந்தாங்க. நான் கையுறைய போட்டுட்டு நேரா போயி வயித்துல கைய வெச்சேன். "கைய எடு. யாரு நீ? எதுக்கு தொடுற?"

எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. ஏன்னா காலைல அந்த பெரிய பொம்மைக்கு பிவி (கர்ப்பப்பை வாய் எவ்ளோ தெறந்திருக்குன்னு உள்ள வெரல விட்டு பாக்குறது) பாத்தப்போ பக்கத்துல இருந்தவகிட்ட எத்தன சென்டிமீட்டர் சொல்லணும்னு கேட்டு சிரிச்சுட்டே பாத்தேன், ஒரு வார்த்த சொல்லிட்டு தொடணும்னு தோணவே இல்ல, பிளாஸ்டிக்குக்கு என்ன வெக்கம். இங்க உள்ள இருக்குறது பிளாஸ்டிக்தான், ஆனா மேல ஒரு மொகம் இருக்கு, அந்த மொகம் நம்மள பாக்குது. திரும்ப வெளிய போயி உள்ள வந்து, பேர் சொல்லி, வயித்த தொட்டு பாக்கணும்மா பாக்கட்டுமான்னு கேட்டு, அவங்க தலைய ஆட்டுனதுக்கு அப்புறம்தான் தொட விட்டாங்க. மெஷின் பொம்மை கண்ணு சிமிட்டுனா என்ன, இந்த ஒண்ண அதால சொல்லிக்குடுக்க முடியல.

ரெண்டாவது நாள் ரத்தம். தரைல, பெட்ஷீட்ல, பேட்ல, கிட்னி ட்ரேல செவப்பு தண்ணிய ஊத்தி வெச்சுட்டு எத்தன மில்லின்னு எழுத சொன்னாங்க. பெட்ஷீட்ட பாத்து நான் 300னு எழுதுனேன், ஊத்துனது 750. எங்க பேட்ச்ல ஒருத்தர்கூட கிட்ட வரல, எல்லாரும் கம்மியாத்தான் எழுதியிருந்தோம், கண்ணால அளக்கும்போது அப்படித்தான் ஆகும்னு மேடம் சொன்னாங்க. நார்மல் டெலிவரில 500 மில்லி தாண்டுனாலே பிபிஎச், அதாவது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற அதிக ரத்தப்போக்கு, நான் 300னு நெனச்சுட்டு நிம்மதியா நின்னா அந்தம்மா கதி என்ன. அதனாலதான் இப்ப கீழ அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு (டிரேப்) போட்டு அளக்க சொல்றாங்க, இ-மோட்டிவ்னு பெரிய ஆராய்ச்சி 2023ல வந்துச்சு, அளந்து பாத்து சீக்கிரம் கண்டுபுடிச்சு, கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பைய சுருக்குற ஆக்ஸிடோசின், ரத்தப்போக்க கொறைக்குற ட்ரானெக்ஸாமிக் ஆசிட், ஐவி ஃப்ளூயிட், எங்கிருந்து வருதுன்னு பாக்குறது இதெல்லாம் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுன்னு காத்துட்டு இருக்காம ஒரே மூச்சுல செஞ்சா, மோசமான நெலமைக்கு போற அம்மாங்க எண்ணிக்க பாதிக்கு மேல கொறஞ்சுது. படிச்சப்போ சரின்னு தலைய ஆட்டுன விஷயம், அந்த 750 மில்லி பெட்ஷீட்ட கையால முறுக்கி பாத்தப்போதான் பயம் வந்துச்சு.

அப்புறம் குழந்தை. நியோநேட்டலி, அதே குரூப்தான், வெதுவெதுப்பா தண்ணி ரொப்புனா தலை தொங்க, கை கால் தொவள, அச்சு அசல் குழந்தை மாதிரியே இருக்கும், தூக்கும்போது மனசு பதறும். டியூப்ல தொங்குற ரப்பர் பல்புங்க இருக்கும், ஒண்ண அமுக்குனா அழும், ஒண்ணுல நெஞ்சு ஏறும், ஒண்ணுல தொப்புள்கொடி துடிக்கும். பொறந்த குழந்தை மூச்சு விடலன்னா முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள தொடச்சு, முதுக தேச்சு, அப்பவும் வரலன்னா பேக் மாஸ்க் (பைய அமுக்கி காத்து குடுக்குற மாஸ்க்) போட்டு காத்து குடுக்க ஆரம்பிச்சிருக்கணும், அதுக்கு கோல்டன் மினிட்னு பேரு, ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத்னு 2010ல அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் ஆரம்பிச்ச ட்ரெயினிங்ல அதுதான் உயிர்நாடி. நூறு குழந்தைல பத்துக்கு பக்கம் ஏதாச்சும் ஒரு ஒதவி தேவப்படும், அதுல பெரும்பாலானது தொடச்சு தேச்சாலோ மாஸ்க்ல காத்து குடுத்தாலோ அழுதுடும், ஊசி மருந்து வரைக்கும் போறது ஒண்ணுகூட இருக்காது.

கேக்க ஈஸி. செய்யும்போது நான் தலைய பெரியவங்களுக்கு சாய்ச்ச மாதிரி பின்னாடி சாய்ச்சுட்டேன், காத்து போகல. பூவ மோந்து பாக்குற மாதிரி லேசாத்தான் சாய்க்கணும். மாஸ்க் தாடையையும் வாயையும் மூக்கையும் மூடணும், கண்ணுல படக்கூடாது. நெஞ்சு ஏறலன்னா மாஸ்க்க சரி பண்ணு, தலைய சரி பண்ணு, வாய அப்புறம் மூக்க உறிஞ்சு, வாய லேசா தெற, கொஞ்சம் அழுத்தி குடு. வாய் மொதல்ல ஏன்னு கேட்டேன், மூக்க மொதல்ல உறிஞ்சுனா குழந்தை சட்டுனு மூச்ச இழுக்கும், வாய்ல இருக்குறது உள்ள போயிடும்னாங்க. நிமிஷத்துக்கு 40 தடவ. நான் குடுத்தது எண்ணி பாத்தா 80, கை என் பேச்ச கேக்கல. ஒரு நிமிஷத்துக்குள்ள ஆரம்பிச்சுட்டேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன், ஸ்டாப்வாட்ச்ல 1 நிமிஷம் 50 செகண்ட்.

மூணாவது நாள் எல்லாத்தையும் சேத்து ஒரே கேஸ். குழந்தை வெளிய வருது அழல, நான் குழந்தைகிட்ட, ரெண்டு பேர் அம்மாகிட்ட, ஒருத்தி மருந்து, ஒருத்தி எழுதுறதுக்கு, ஒருத்தி ஆள் கூப்பிட. ரத்தம் கொட்டுது, கர்ப்பப்பை தொளதொளன்னு இருக்கு, மசாஜ் பண்ணியும் கெட்டியாகல, ஆக்ஸிடோசின் 10 யூனிட் போட்டாச்சு, அப்பதான் ஒருத்திக்கு மூத்திரப்பை நெறஞ்சிருந்தா கர்ப்பப்பை சுருங்காதுன்னு ஞாபகம் வந்து கேத்தீட்டர் போட்டா. போட்டதும் மேடம் உள்ள கெட்டியாக்குனாங்க, ரத்தம் நின்னுச்சு. என் பக்கம் குழந்தையும் அழுதுச்சு. எல்லாரும் கை தட்டாத கொற, சூப்பரா பண்ணிட்டோம்னு.

டிபிரீஃபிங் ரூம்ல, அதாவது செஞ்சத பத்தி உக்காந்து பேசுற எடத்துல, எங்க கேஸோட வீடியோ போட்டாங்க. மேடம் ஒண்ணுமே சொல்லல, ஒரு கேள்விதான் கேட்டாங்க, "இதுல நான் என்ன பேசுனேன், யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?" யாருக்கும் இல்ல. சவுண்ட கூட்டி திரும்ப போட்டாங்க. குழந்தை ஏன் அழலன்னு அவங்க நாலு தடவ கேட்டிருக்காங்க. நாலாவது தடவ குரல் ஒடஞ்சே போச்சு. ஆறு பேர் அந்த ரூம்ல இருந்தோம், ஒருத்தர்கூட பதில் சொல்லல, ஒருத்தி மட்டும் "ஆடாம இருங்க"ன்னு சொல்லியிருக்கா. எனக்கு அந்த சத்தம் காதுலயே விழல, பொய் இல்ல, நெசமா விழல. கை எண்ணிட்டு இருந்துச்சு, காது மூடியிருந்துச்சு.

அந்த வீடியோ ஒரு ஏழு நிமிஷம் இருக்கும். மூணு நாள்ல நான் கத்துக்கிட்டதுல பாதி அதுல இருக்கு. அப்புறம் அதே கேஸ திரும்ப செய்ய வெச்சாங்க, இந்த தடவ ஒருத்திக்கு வேலையே அம்மா தலைமாட்டுல நின்னு பேசுறதுதான். "குழந்தைக்கு மூச்சு விட ஒதவி பண்ணிட்டு இருக்கோம்மா, நாடி நல்லா துடிக்குது, நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்." இவ்ளோதான். பொய் இல்ல, எல்லாம் சரியாயிடும்னு வாக்கும் குடுக்கல. அத சொல்லும்போது இன்னொண்ணும் நடந்துச்சு, அவ சத்தமா சொன்னதால குழந்தை நெலம என்னன்னு மத்த அஞ்சு பேருக்கும் தெரிஞ்சுது, மொதல் தடவ நாங்க ஆளுக்கொரு தீவா இருந்தோம்.

போஸ்டிங்ல ரெண்டாவது வாரம் ஒரு குழந்தை பொறந்ததும் சத்தம் இல்ல. பெருசா ஒண்ணும் நடக்கல, தொடச்சு முதுக தேச்சதும் அழுதுடுச்சு, அதுவும் சிஸ்டர்தான் செஞ்சாங்க, நான் துணி மாத்தி குடுத்தேன். ஆனா "தொடச்சுட்டு இருக்காங்கம்மா, இதோ"ன்னு என் வாய் தானா சொல்லுச்சு. சிஸ்டர் ஒரு மாதிரி திரும்பி பாத்தாங்க, திட்டல.

இப்ப அந்த ஒரு ஸ்டார்.

மொத கொற கூட்டம். 24 பேருக்கு நாலு ஸ்டேஷன், ஆறு ஆறு பேர், ஆனா குழந்தைக்கு காத்து குடுக்க எனக்கு கெடச்சது மொத்தம் மூணு தடவ. மிச்ச நேரம் பெஞ்சுல உக்காந்து பாக்குறது. பாக்குறவங்களுக்கு ஒரு வேலையாச்சும் குடுத்திருக்கலாம், நேரத்த குறி, யார் யார்கிட்ட பேசுறாங்கன்னு எழுதுன்னு, சும்மா உக்காந்தா மதியத்துக்கு மேல தூக்கம்தான் வருது.

ரெண்டாவது, எல்லா மேடமும் ஒரே மாதிரி இல்ல. ஷோல்டர் டிஸ்டோஷியா (தலை வந்ததும் குழந்தையோட தோள் மாட்டிக்குறது) ஸ்டேஷன்ல என் ஃப்ரெண்ட் பதட்டத்துல வயித்து மேல்பக்கம் அமுக்கிட்டா. தப்புதான், பெரிய தப்பு, தொடைய நல்லா மடக்கி வயித்தோட சேத்துட்டு அடிவயித்துல முன்பக்க இடுப்பெலும்புக்கு கொஞ்சம் மேலதான் அமுக்கணும், மேல இருந்து தள்ளுனா தோள் இன்னும் இறுகி மாட்டிக்கும். ஆனா அத எல்லார் முன்னாடியும் "நீ கொன்னுட்ட"ன்னு சொன்னா? அதுக்கப்புறம் அந்த ஸ்டேஷன்ல யாருமே கைய தூக்கல. தப்பு பண்ணத்தானேங்க பொம்மை, இங்க பண்ணலன்னா எங்க போயி பண்றது. அவ மூணாவது நாள் பூரா எழுதுற வேலையத்தான் கேட்டு வாங்குனா.

மூணாவது, எல்லாம் அவசரம் அவசரம்னே போச்சு. பெரும்பாலான பிரசவத்துல தேவப்படுறது என்னமோ அம்மா நெஞ்சு மேல குழந்தைய போட்டு மூடுறது, கொடிய ஒடனே வெட்டாம ஒண்ணுல இருந்து மூணு நிமிஷம் விடுறது, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், வாய் சரியா கவ்வியிருக்கான்னு பாக்குறது. அதுக்கு கடைசி நாள் சாயங்காலம் 20 நிமிஷம், ஸ்லைடு. பால் குடுக்க தெரியாம அழுற அம்மாகிட்ட என்ன பேசணும்னு ஒரு ரோல்ப்ளே வெச்சிருக்கலாம், ரத்தமும் ஃபிட்ஸும் மாதிரி அது த்ரில்லா இல்லைல்ல.

சேரலாமான்னு கேட்டா கண்டிப்பா சேருங்க. ஆனா சென்டர்ல என்ன மாடல் பொம்மை வெச்சிருக்காங்கன்னு கேட்டு மயங்காதீங்க, ஒரு ஆளுக்கு எத்தன தடவ கை வெக்க கெடைக்கும், கேஸ் முடிஞ்சதும் டிபிரீஃபிங் எவ்ளோ நேரம், தப்பு பண்ணா அதே கேஸ திரும்ப செய்ய விடுவாங்களா, இத கேளுங்க. எங்களுக்கு 15 நிமிஷ கேஸுக்கு அரை மணி நேரம் உக்காந்து பேசுன எடத்துலதான் ஏதாச்சும் ஏறுச்சு, அடுத்த பேட்ச் நிக்குது சீக்கிரம் வாங்கன்னு முடிச்ச எடத்துல கை மட்டும் வலிச்சுது. ஒரு தடவ போயிட்டு வந்தா போதும்னும் நெனைக்காதீங்க, சில மாசத்துலயே கை மறந்துடும், வாரத்துக்கு பத்து நிமிஷம் பேக் மாஸ்க் புடிச்சு பழகுறது வருஷத்துக்கு ஒரு நாள் ட்ரெயினிங்கவிட மேல்னு அந்த நல்ல மேடமே சொன்னாங்க.

இதுல காமெடி என்னன்னா எங்க காலேஜ்லயே ஒரு குழந்தை பொம்மை இருக்கு. ரெண்டு வருஷமா அலமாரில, கவர் கூட பிரிக்காம, ஸ்டாக் ரெஜிஸ்டர்ல என்ட்ரி போட்டு. ஸ்டூடண்ட் கைல குடுத்தா கிழிஞ்சிடுமாம். ட்ரெயினிங் முடிஞ்சு வந்து நாங்க அஞ்சு பேர் லெட்டர் எழுதி, ரெண்டு தடவ திட்டு வாங்கி, இப்ப வியாழக்கெழம மதியம் ஒரு மணி நேரம் சாவி எங்க கைக்கு வருது. அம்மாவா யார் நடிக்கிறதுன்னு சண்டையே நடக்குது, தண்ணி ரொப்ப மட்டும் ஒருத்தியும் வர மாட்டேங்குறா.